ஏழாம் வகுப்பில் பொதுத்தேர்தல்

பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்து, எண்ணி முடித்தபோது ஏழாம் வகுப்புக்கு முப்பத்தெட்டுத் தலைவர்கள் கிடைத்திருந்தார்கள். வகுப்பில் இருந்ததே முப்பத்தெட்டுப் பேர்தான்.

சமூக அறிவியல் ஆசிரியர் கையைப் பிசைந்தார். "இன்னொரு தடவை வாசிம்மா" என்றார்.

சீட்டு வாசிக்கும் பொறுப்பு முதல் பெஞ்சுப் பெண்ணுடையது. முகத்தில் பாதியைக் கண்ணாடியே எடுத்துக்கொண்டதால் அவளைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கே பாதிதான் கேட்கும் என்கிற குரலில் அவள் மறுபடியும் வாசித்தாள். சந்தேகமே இல்லை, ஆளுக்கு ஒரு ஓட்டு.

"எல்லாரும் அவங்கவங்களுக்கே போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஏணி எழுந்தான். வகுப்பிலேயே உயரமானவன். அவன் எழுந்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "நல்லவங்களாப் பாத்துப் போடச் சொன்னீங்க சார். மத்தவங்களைப் பத்தி எனக்கு உறுதியாத் தெரியல."

ஆசிரியர் தேர்தலை ரத்து செய்தார். மணியும் அடித்தது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவரால் முடியவில்லை. இவர் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு வருட முடிவிலும் இவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் கொடுப்பார்கள். அடுத்த வருடம் பள்ளி திறந்ததும் மறுபடி வரச் சொல்லிக் கடிதம் கொடுப்பார்கள். இப்படியே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இந்த வருடம்தான் கல்வித்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களுக்கு ஓட்டுப்போடுவது எப்படி என்பதை வகுப்பில் தேர்தல் நடத்திக் கற்பிக்க வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று.

தலைமையாசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு அதன் பொருளை விளக்கினார். "பாக்க வர்ற அதிகாரியம்மா உங்களைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுதினாப் போதும், வேலை நிரந்தரம். மோசமா எழுதினாலும் நிரந்தரம்தான், வீட்ல."

தேர்தல் நடத்த நேரம் எங்கே? சமூக அறிவியலில் பாடம் பாதிகூட நகரவில்லை. யாரிடமாவது பீரியட் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுக்கும் அளவுக்குப் பாடத்தை முடித்து வைத்திருந்தவர் கணக்கு டீச்சர் ஒருவர்தான். அவரிடம் கேட்பதில் ஆசிரியருக்கு ஒரு வசதியும் இருந்தது, ஒரு சங்கடமும் இருந்தது. கணக்கு டீச்சர் அவருடைய மனைவி.

அந்த அம்மாள் நிரந்தர ஆசிரியை. வாரம் தவறாமல் டெஸ்ட் வைப்பவர். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையில் கேள்வித்தாள் கட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆசிரியர்கள் அறையில் அவர் கணவரை மடக்கினார். "என்ன சார், தேர்தல் முடிஞ்சுதா? என் பின்னம் டெஸ்டைத் தள்ளி வெச்சுட்டு உங்களுக்குப் பீரியட் குடுத்தேன்."

பள்ளிக்கூடத்தில் அவர்கள் சார், டீச்சர்தான். அது கணக்கு டீச்சர் போட்ட சட்டம்.

"முடிஞ்சுது டீச்சர். ஆனா எல்லாரும் அவங்கவங்களுக்கே போட்டுக்கிட்டாங்க."

"அப்ப ஆளுக்கு முப்பத்தெட்டுல ஒரு பங்கு. என் பாடத்தைத்தான் நடத்தியிருக்கீங்க, பரவாயில்ல."

"நாளைக்கு ஒரு பீரியட் மட்டும்..."

"சார், உறவு வேற, பீரியட் வேற."

ஆனாலும் கொடுத்தார். உறவினர் வீட்டு விசேஷங்களில் ஒவ்வொருத்தரும் தன் கணவரிடம் "இன்னும் நிரந்தரம் ஆகலையா?" என்று கேட்கும்போது அவர் முகம் சுருங்குவதை அந்த அம்மாள் பார்த்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசமாட்டார். அதைப் பார்க்க மனைவிக்குச் சகிக்கவில்லை.

மறுநாள் ஆசிரியர் புது விதி கொண்டுவந்தார். இரண்டே வேட்பாளர்கள். யாரும் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாதபடி மற்றவர்கள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏணி ஒரு பக்கம் நின்றான். மறுபக்கம் ரேடியோ நின்றாள். பேச ஆரம்பித்தால் மூச்சுவிடக்கூட நிறுத்தாதவள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே ஆசிரியர்கள்தான்.

"உங்க வாக்குறுதிகளைச் சொல்லுங்க" என்றார் ஆசிரியர். சொன்னவுடனேயே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"நான் தலைவனானா வீட்டுப்பாடம் பாதியாக் குறையும்" என்றான் ஏணி.

கைதட்டல்.

"நான் வந்தா வீட்டுப்பாடமே கிடையாது!" என்றாள் ரேடியோ. "சுத்தமாக் கிடையாது! எழுதின பழைய வீட்டுப்பாடத்துக்கும் நஷ்ட ஈடு உண்டு!"

கூரை அதிர்ந்தது. ஏணி சும்மா இருப்பானா? "நான் வந்தா வீட்டுப்பாடத்தை சாரும் டீச்சரும் எழுதுவாங்க! நாம திருத்துவோம்!"

வகுப்பு பெஞ்சின் மேல் ஏறிவிட்டது. "வருங்காலத் தலைவர் ஏணி!" என்று ஒரு கோஷ்டியும், "பேசும் தெய்வம் ரேடியோ!" என்று ஒரு கோஷ்டியும் கத்தின. பக்கத்து வகுப்புகளும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து கத்தின. தலைமையாசிரியர் ஓடி வந்து பார்த்தபோது சமூக அறிவியல் ஆசிரியர் மேசைமேல் நின்று அமைதி, அமைதி என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அவரும் கட்சிக்காரர் மாதிரிதான் இருந்தது.

அந்தத் தேர்தலும் ரத்து.

"வாக்குறுதியே கூடாதுன்னு சொல்லிடுங்க" என்று தலைமையாசிரியர் உத்தரவிட்டார். ஆசிரியர் சொன்னார். வாக்குறுதி நின்றது. அன்று மாலையே பொருள் கைமாற ஆரம்பித்தது.

ஏணியின் ஆட்கள் ஆளுக்கொரு அழிப்பான் கொடுத்தார்கள். ரேடியோவின் ஆட்கள் ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார்கள், சீவியே கொடுத்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் ஆசிரியர் வகுப்பில் கொதித்தார்.

"ஓட்டுக்குப் பொருள் குடுக்கறது தப்புன்னு படிச்சோமா இல்லையா?"

"குடுக்கல சார். இரவல்தான்" என்றான் ஏணி.

"திருப்பி வாங்கிப்பியா?"

"தோத்துட்டா வாங்கிப்பேன் சார்."

சரி, ரகசிய ஓட்டெடுப்பின் பெருமையே இதுதானே என்று ஆசிரியர் தன்னைத் தேற்றிக்கொண்டார். யாரிடம் எதை வாங்கினாலும் மறைவில் மனசாட்சிப்படிதான் போடுவார்கள். கரும்பலகைக்குப் பின்னால் மறைவிடம் தயாரானது. சீட்டில் இரண்டு பெயர்கள், வேண்டிய பெயருக்கு எதிரே ஒரு சரிக்குறி போட்டால் போதும். பிள்ளைகள் வரிசையாக, வாய் திறக்காமல், கோயிலுக்குப் போகிற மாதிரிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கண்ணாடி முதல் சீட்டைப் பிரித்தாள். பார்த்தாள். அடுத்ததைப் பிரித்தாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் டிக் போட்டிருக்கு சார்" என்றாள்.

"அடுத்தது?"

"அதுலயும் ரெண்டு பேருக்கும்."

கடைசிச் சீட்டுவரை அப்படியேதான். அத்தனையும் செல்லாத ஓட்டு.

"ஒருத்தருக்குத்தான் போடணும்னு எத்தனை தடவை சொன்னேன்!"

நடு பெஞ்சிலிருந்து ஒருத்தி பணிவாக எழுந்தாள். "ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிட்டோம் சார். ஒருத்தரை ஏமாத்தறது பாவம் இல்லையா?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் பாத்திரம் கழுவிக்கொண்டே புலம்பினார். மனைவி சாப்பாட்டு மேசையில் வேறு வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேர்மையான பசங்க தெரியுமா? வாங்கினவங்களுக்குத் துரோகம் பண்ணக் கூடாதுன்னு நினைக்கறாங்க!"

"நேர்மையெல்லாம் சரிங்க. என் பின்னம் டெஸ்ட் என்னாச்சு? கேள்வித்தாளை அச்செடுத்து அலமாரியில வெச்சிருக்கேன். மஞ்சளாவே ஆயிடும் போல."

"இந்தத் தடவை பாரு. எல்லாப் பிரச்சினையும் எங்க வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். நானே நடத்தறதாலதான் வருது. நடுநிலையா ஒரு தேர்தல் ஆணையம் வேணும். பசங்களே நடத்தட்டும்."

மனைவி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "பசங்களேவா?"

"பொறுப்பு குடுத்தாத்தாம்மா பொறுப்பு வரும்."

வந்தது. ஆணையத்துக்கு மூன்று பேரை நியமித்தார். வகுப்பிலேயே வாயில்லாப் பூச்சிகளாகப் பார்த்துப் பொறுக்கிய மூன்று பேர். நியமனமான சற்று நேரத்திலேயே மூவருக்கும் நடையே மாறிவிட்டது. தனி மேசை கேட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே கேட்டார்கள். ஒருவன் மற்ற இருவரையும் "ஆணையர் அவர்களே" என்று கூப்பிட ஆரம்பித்தான். பிறகு வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கப் போவதாக அறிவித்தார்கள்.

முதலில், முந்தின நாள் பள்ளிக்கு வராதவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்கள் நிரந்தரமாக வசிப்பவர்கள் இல்லையாம். அடுத்து, பென்சில், அழிப்பான் வாங்கியவர்களில் தொலைத்துவிட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அதை எதிர்த்துக் கேட்டவர்கள், ஆணையத்தை அவமதித்ததற்காக நீக்கப்பட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் நீக்கப்பட்டார்கள். வேட்பாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து இருவருமே போனார்கள்.

"பட்டியல்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்று ஆசிரியர் கேட்டார்.

"மூணு பேர் சார்."

"யார் யாரு?"

ஆணையர்கள் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்கள்.

ஆணையம் கலைக்கப்பட்டது. அதற்கு மூவரும் கண்டனம் தெரிவித்தார்கள். மேசையை மட்டும் திருப்பித் தர மறுத்தார்கள்.

அதற்குள் அதிகாரி மறுநாள் வருவதாகத் தகவல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் ஆசிரியர் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்து அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"சார், உங்ககிட்ட இருக்கற ஒரே கோளாறு என்ன தெரியுமா? முடிவு என்னன்னு தெரியாம தேர்தல் நடத்தறீங்க. அது ரொம்ப ஆபத்து சார்."

"தெரியாம இருந்தாத்தானே சார் தேர்தல்?"

"அதெல்லாம் பாடத்துல. அதிகாரி வர்ற அன்னைக்கு ஒழுங்கு வேணும். இன்னைக்கே யாருன்னு சொல்லிடுங்க. நாளைக்கு எல்லாரும் வரிசையா வந்து அவங்களுக்கே போடட்டும். இதுக்குப் பேரு முறைகேடு இல்ல சார், ஒத்திகை."

ஆசிரியர் வெளியே வந்து தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வெட்கமாக இருந்தது. நிரந்தரம் என்ற சொல்லும் கூடவே காதில் விழுந்தது. சொல் ஜெயித்தது.

வகுப்புக்குப் போனார். யார் முகத்தையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசினார். "நாளைக்கு எல்லாரும் ரேடியோவுக்குப் போடுங்க. ஏணி துணைத் தலைவனா இருக்கட்டும். ஒரு ஓட்டுகூடக் குறையக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில். இத்தனை நாள் கழித்து அவர்கள் இவ்வளவு அடக்கமாக இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. "நாளைக்குச் சீக்கிரம் முடிஞ்சா மிச்ச நேரத்துல டெஸ்ட் வெச்சுடறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அதிகாரி அம்மாள் வந்தார். சிரிக்காத முகம், தடித்த கோப்பு. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர் வாயெல்லாம் பல்லாக நின்றார். வாசலில் கணக்கு டீச்சர், கையில் கேள்வித்தாள் கட்டு. பிள்ளைகளின் கண்கள் ஒருமுறை அந்தக் கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பின.

தேர்தல் அற்புதமாக நடந்தது. வரிசை வளையவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அதிகாரியின் புருவம் மெச்சுகிற மாதிரி லேசாக உயர்ந்தது. ஆசிரியருக்கு நிரந்தரப் பணி ஆணை கண்ணுக்கு முன்னால் மிதந்தது.

பெட்டி கவிழ்ந்தது. குவியல் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடி வாசிக்க ஆரம்பித்தாள். ரேடியோ. ரேடியோ. ரேடியோ. முப்பத்தெட்டையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கணக்கு சொன்னாள்.

"எழுபத்தாறு ஓட்டு சார். எல்லாமே ரேடியோவுக்கு."

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். "வகுப்புல எத்தனை பேர்?"

"முப்பத்தெட்டு மேடம்" என்றார் ஆசிரியர்.

அதிகாரி ஏணியைப் பார்த்தார். "தம்பி, நீ எத்தனை ஓட்டுப் போட்டே?"

ஏணி மெதுவாக எழுந்தான். "ரெண்டு மேடம். ஒரு ஓட்டுகூடக் குறையக் கூடாதுன்னு சார் நேத்தே சொல்லிட்டாரு. எதுக்கும் இருக்கட்டும்னு வீட்லயே இன்னொண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தோம்."

"யாருக்குப் போடணும்னும் சார் சொன்னாரா?"

ஏணி பதில் சொல்லாமல் ஆசிரியரைப் பார்த்தான். முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். அதைவிடத் தெளிவாக யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. தலைமையாசிரியர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நான்தான் மேடம் சொன்னேன்" என்றார் ஆசிரியர். "தப்பு என்னோடது. பசங்க மேல ஒண்ணும் இல்ல."

அதிகாரி கோப்பைத் திறந்தார். "இத்தனை பீரியட் எடுத்து நடத்தியிருக்கீங்க. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுங்கறதுகூட இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியல. நீங்க இந்த வேலைல தொடரணுமான்னே நான் யோசிக்க வேண்டியிருக்கு." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வாசலில் நின்ற கணக்கு டீச்சர் உள்ளே வந்துவிட்டார். போட்ட சட்டமெல்லாம் மறந்துபோய், "மேடம், எங்க வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் தூங்காம இதுக்காகத்தான் உழைச்சாரு" என்றார். குரல் உடைந்தது. "என் டெஸ்ட் வேண்டாம். இன்னைக்கு வேண்டாம், இந்த மாசமே வேண்டாம். என் பீரியட் எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். இன்னும் ஒரே ஒரு தேர்தல் நடத்த விடுங்க."

ஆசிரியர் மனைவியைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அந்த அம்மாள் ஒரு டெஸ்டைக்கூட இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

வகுப்பில் ஒரு சின்னச் சலசலப்பு ஓடியது. ஏணியும் ரேடியோவும் மேசைக்கு அடியில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"தேவையில்ல டீச்சர். பாத்த வரைக்கும் போதும்" என்று சொல்லி அதிகாரி எழுதக் குனிந்தார்.

முதல் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கண்ணாடி எழுந்து நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முதல் தடவையாக அவள் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"எங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியும் மேடம். முதல் தேர்தல் தானாத்தான் கெட்டுப்போச்சு. அதுல கணக்கு டெஸ்ட் நின்னுபோனதைப் பாத்ததும், இனிமே எந்தத் தேர்தலும் ஒழுங்கா முடியக் கூடாதுன்னு அன்னைக்கே சாப்பாட்டு நேரத்துல ரகசிய ஓட்டெடுப்பு வெச்சு முடிவு பண்ணினோம், ஆளுக்கு ஒரு ஓட்டு, செல்லாத ஓட்டு ஒண்ணுகூட இல்ல. வேண்டாம்னு போட்டது நான் ஒருத்திதான், ஆனா பெரும்பான்மைக்குக் கட்டுப்படணும்ல மேடம், அதான் நானும் இன்னைக்கு வரைக்கும் அவங்ககூடச் சேர்ந்து தப்பாவே போட்டேன்."